சரிக்குச் சரி

2018 ஜூன் 14-ம் தேதி மதியம் நானும் மாமாவும் ஒத்தக்கடையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே யானைமலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கடை டிவியில் சென்னை உயர்நீதிமன்ற வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்கில் அன்று தீர்ப்பு. சபாநாயகர் தனபால் போட்ட உத்தரவு செல்லும் என்றார் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி. செல்லாது என்றார் உடன் அமர்ந்திருந்த நீதிபதி சுந்தர். கடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப யாருப்பா ஜெயிச்சது?" என்றார் வடை போட்டுக்கொண்டிருந்தவர்.

"யாரும் ஜெயிக்கல, சரிக்குச் சரி" என்றது ஒரு குரல்.

மாமா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சபாநாயகர் போட்டது அப்படியே நிக்குதுல்ல? பதினெட்டு பேரும் வெளியதானே நிக்கிறாங்க? அப்புறம் என்ன சரிக்குச் சரி?"

மாமா முப்பத்தைந்து வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கும்வரை, தென் மாவட்டத்துக்காரன் ஹைகோர்ட் வாசலை மிதிக்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கேஸ் கட்டுகளைத் தலைக்கு வைத்துப் படுத்து எழும்பூரில் இறங்கி, வாய்தா வாங்கிக்கொண்டு அன்றைக்கே இரவு வண்டி ஏறிய நாட்கள் அவருக்கு உண்டு. சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு காகிதத்தைத் தொட்டுப் பார்த்தே அது எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்று சொல்லிவிடுவார். சரிக்குச் சரி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். எனக்கும்தான். அதற்குக் காரணம் எங்கள் ஊர் மந்தையில் இருக்கிறது.

மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். கண்மாய்க்குக் கீழே எங்களுக்கு ஒண்ணே கால் ஏக்கர் நஞ்சை. அதற்குப் போகும் வண்டிப்பாதை பங்காளி வயலின் வரப்பை ஒட்டிப் போகும். தாத்தா காலத்திலிருந்து மாட்டுவண்டி போய்வந்த தடம் அது. 1994-ல் பங்காளி ஒரு நாள் கருவேல முள்ளை வெட்டிப் பாதையை அடைத்துவிட்டார். என்ன கோபம், யார்மேல் கோபம் என்பதெல்லாம் நீண்ட கதை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் தொடங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

நாலு மாதம் கழித்துப் பஞ்சாயத்துக் கூடியது. மந்தையில் வேப்பமரத்தடிக் கல்லில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே மதிப்பானவர்கள், யாரிடமும் காசு வாங்கிப் பேசுகிறவர்கள் இல்லை. ஒருவர் சொன்னார்: "நாப்பது வருசமா வண்டி போன தடம். முள்ளை எடுத்துரு." இன்னொருவர் சொன்னார்: "அண்ணன் தம்பின்னு விட்ட வழி அது. விட்டவன் வேணாம்னா வேணாம்தான்." அரை நாள் பேசினார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் ஏற்கவில்லை. கடைசியில் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை விழுந்தது: "ரெண்டு பேரும் ரெண்டு சொல்றோம். இருக்கறபடி இருக்கட்டும்."

இருந்தது முள். அதனால் முள் இருந்தது. பதினோரு வருஷம் அம்மா நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வயலுக்குப் போனார்.

அன்றைக்கு எனக்குப் பதினாறு வயது. சமமாக முடிந்தது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அது சமமாகத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தது மாமாதான், அதுவும் பல வருஷம் கழித்து.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ல் வந்தது. அதன் 98-வது பிரிவைத் தேர்தல் விதி மாதிரி படிக்கக் கூடாது என்பார் மாமா. இரண்டோ அதற்கு மேலோ நீதிபதிகள் ஓர் அப்பீலைக் கேட்டால், பெரும்பான்மை சொல்வதுதான் தீர்ப்பு. சரி. கீழ்க்கோர்ட்டின் டிக்ரியை, அதாவது தீர்ப்பாணையை, மாற்றவோ ரத்து செய்யவோ பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றால்? அந்த டிக்ரி உறுதி செய்யப்படும். கவனியுங்கள், சட்டம் கேட்பது 'யாருக்கு அதிக ஓட்டு' என்ற கேள்வியை அல்ல. 'மாற்றுவதற்குப் போதுமான ஓட்டு இருக்கிறதா' என்பதை மட்டும்தான். கீழே ஜெயித்தவன் மேலே வந்து மறுபடியும் ஜெயிக்க வேண்டியதில்லை. தோற்காமல் இருந்தால் போதும்.

இது அநியாயம் என்று நான் ஒரு முறை சொன்னபோது மாமா விரலை மடக்கினார். "கீழ ஒரு ஜட்ஜ் சாட்சியெல்லாம் பாத்து ஒண்ணு சொல்லிருக்காரு. மேல ரெண்டு பேர்ல ஒருத்தர் அதையே சொல்றாரு. இன்னொருத்தர் வேற சொல்றாரு. மொத்தம் எத்தனை, மாப்ள? ரெண்டுக்கு ஒண்ணு. இதுல எங்க இருக்கு சரிக்குச் சரி?" சட்டப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்காது. ஆனால் இந்த விதிக்கு இதைவிட நல்ல நியாயத்தை நான் கேட்டதில்லை.

நம் ஊரில் இது அவ்வளவு நேராக நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ஹைகோர்ட் 1862-ல் தொடங்கியது. 1865-ல் அதற்கு ராணி கொடுத்த லெட்டர்ஸ் பேட்டண்ட் என்ற அதிகார சாசனம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதன் 36-வது கூறு, நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தால் எந்த இடத்தில் பிரிந்தோம் என்று எழுதி வைக்க வேண்டும், அந்த இடத்தை மட்டும் வேறொரு நீதிபதி கேட்க வேண்டும், பிறகு எல்லோரையும் சேர்த்துப் பெரும்பான்மை பார்க்க வேண்டும் என்கிறது. லெட்டர்ஸ் பேட்டண்டை 98-வது பிரிவு தொடாது என்று அந்தப் பிரிவிலேயே பின்னால் சேர்த்துவிட்டார்கள். ஆக, சென்னையிலும் மதுரைக் கிளையிலும் மூன்றாவது நீதிபதி வருவார். மலை தாண்டி அந்தப் பக்கம் கேரளத்தில் கதை வேறு. அங்கே லெட்டர்ஸ் பேட்டண்ட் கிடையாது. கேரள உயர்நீதிமன்றத்துக்கு 98-வது பிரிவே பொருந்தும் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவிலும் மூன்றாமவருக்கு ஒரு வழி உண்டு, ஆனால் சட்டப் பிரச்சினையில் பிரிந்தால்தான். எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற விஷயத்தில் இரண்டு பேரும் முரண்பட்டால் கீழ்க்கோர்ட் சொன்னதுதான் முடிவு. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி.

கிரிமினல் வழக்கில் இந்த விதியை வைத்தால் விபரீதம். கீழ்க்கோர்ட்டில் ஆயுள் தண்டனை பெற்றவனை மேலே ஒரு நீதிபதி நிரபராதி என்கிறார், இன்னொருவர் குற்றவாளி என்கிறார் என்று வையுங்கள். இருக்கறபடி இருக்கட்டும் என்றால் அவன் உள்ளேயே இருப்பான். அதனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 392-வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 433, அப்பீலை மூன்றாவது நீதிபதியிடம் கொண்டுபோய் வைக்கிறது. அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

இனி அமெரிக்கா. எனக்கு அந்த ஊர் சட்டத்தில் ஆர்வம் வந்தது 2016-ல். அங்கே சுப்ரீம் கோர்ட்டில் 1869-லிருந்து ஒன்பது நீதிபதிகள். ஒற்றைப்படை என்பதால் யாராவது ஒதுங்கினாலோ இறந்தாலோ ஒழிய முட்டிக்கொள்ள வழியில்லை. 2016 பிப்ரவரி 13-ல் நீதிபதி ஸ்காலியா இறந்தார். அந்த நாற்காலி ஏறக்குறைய பதினாலு மாதம் காலி. எட்டுப் பேர். அங்கே மூன்றாவது நீதிபதி, ஒன்பதாவது நீதிபதி என்று யாரையும் கூட்டிவர முடியாது, அவர்களுக்கு மேலே கோர்ட்டும் இல்லை. நாலுக்கு நாலு என்றால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு நிற்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜூன் 23-ல் வந்ததைப் படித்துவிட்டுத்தான் எனக்கு மந்தை நினைவுக்கு வந்தது. அதிபர் ஒபாமா ஒரு திட்டம் அறிவித்திருந்தார். முறையான காகிதம் இல்லாமல் அங்கே வாழ்கிற, ஆனால் பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாக உள்ள பெற்றோர்களை நாடு கடத்தாமல் வேலை செய்ய விடுவது. பயன்பெறக் கூடியவர்கள் நாற்பது லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கு. டெக்சாஸ் தலைமையில் 26 மாநிலங்கள் எதிர்த்தன. டெக்சாஸில் ஒரே ஒரு மாவட்ட நீதிபதி 2015 பிப்ரவரியில் தடையாணை போட்டார், நாடு முழுவதற்கும். அப்பீல் கோர்ட்டில் மூன்று பேர் கேட்டார்கள், இரண்டுக்கு ஒன்று என்று தடை நின்றது. பிறகு சுப்ரீம் கோர்ட். நாலுக்கு நாலு. தீர்ப்பு ஆங்கிலத்தில் ஒன்பதே வார்த்தை: கோர்ட் சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு உறுதி செய்யப்படுகிறது. காரணம் இல்லை. யார் எந்தப் பக்கம் என்பதும் இல்லை.

ஒன்பது வார்த்தை. நாற்பது லட்சம் பேர்.

நம் வழக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: இங்கே பிரிந்தாலும் இரண்டு நீதிபதிகளும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் பிரிந்தோம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். மந்தையில்கூட இரண்டு பெரியவர்களும் காரணம் சொன்னார்கள்.

ஆனால் அமெரிக்க முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. சரிபாதித் தீர்ப்பு அந்த வழக்கோடு சரி, அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. அதே 2016-ல் மார்ச் 29 அன்று கலிஃபோர்னியா ஆசிரியர்கள் வழக்கு ஒன்று இப்படித்தான் முடிந்தது. சங்கத்தில் சேராத ஆசிரியரிடமும் சங்கம் கட்டணம் பிடிக்கலாமா என்பது கேள்வி. நாலுக்கு நாலு, ஆகவே பிடிக்கலாம் என்ற பழைய நிலை தொடர்ந்தது. காலி நாற்காலி நிரம்பியது. 2018 ஜூனில் இலினாய் மாநிலத்திலிருந்து அதே கேள்வி அரசு ஊழியர் ஒருவர் வழக்காக வந்தது. ஐந்துக்கு நாலு, பிடிக்கக் கூடாது. இரண்டே வருஷம். சங்கங்கள் ஜெயித்ததாக நினைத்தது வாய்தாதான். 2025 மே மாதம் மறுபடி ஒன்று: ஓக்லஹோமாவில் அரசுப் பணத்தில் கத்தோலிக்கப் பள்ளி நடத்தலாமா என்ற வழக்கு. நீதிபதி பாரெட் ஒதுங்கிக்கொண்டதால் எட்டுப் பேர், நாலுக்கு நாலு. கூடாது என்ற அந்த மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு நின்றது. அந்தக் கேள்வியும் திரும்ப வரும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் சுப்ரீம் கோர்ட்டும் இதற்கு விலக்கில்லை. வகுப்பறையில் ஹிஜாப் அணியத் தடை போட்ட கர்நாடக வழக்கில் 2022 அக்டோபர் 13-ல் நீதிபதி ஹேமந்த் குப்தா ஒன்று சொன்னார், நீதிபதி சுதான்ஷு துலியா அதற்கு மாறாகச் சொன்னார். பெரிய அமர்வுக்குப் போகட்டும் என்று தலைமை நீதிபதியிடம் அனுப்பினார்கள். அதுவரை? தடை செல்லும் என்று மார்ச்சில் கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்னது நிற்கும். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே பேச வரவில்லை. பெரிய அமர்வு உட்காரும்வரை ப்ளஸ் டூ காத்திருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கேதான் டீக்கடையில் மாமா சொன்னதற்குத் திரும்ப வேண்டும். பதினெட்டு எம்.எல்.ஏ. வழக்கில் கீழ்க்கோர்ட் என்று ஒன்றே கிடையாது. அது ரிட் மனு, நேராக ஹைகோர்ட்டுக்கு வந்தது. மாமாவின் இரண்டுக்கு ஒன்று கணக்கு அங்கே ஓடாது. கீழே இருந்தது எந்த நீதிபதியின் தீர்ப்பும் அல்ல, 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் போட்ட உத்தரவு. அதுதான் வழக்கே. இரண்டு நீதிபதிகள் பிரிந்ததும், எதை எதிர்த்து வந்தார்களோ அதுவே நின்றுவிட்டது.

அப்புறம் மூன்றாவது நீதிபதி யார் என்பதிலேயே ஒரு சுற்று. முதலில் நீதிபதி விமலா என்று அறிவித்தார்கள். எம்.எல்.ஏ.க்கள் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. சுப்ரீம் கோர்ட் நீதிபதி சத்தியநாராயணனை நியமித்தது. அவர் கேட்டு, அக்டோபர் 25-ல் சபாநாயகர் உத்தரவு செல்லும் என்றார். ஜூன் 14-லிருந்து எண்ணினால் 133 நாள். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பதினெட்டுத் தொகுதிகளுக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. மூன்றாவது நீதிபதி என்ற வழி நல்ல வழிதான். ஆனால் அந்த வழியில் நடக்கிற நாட்களுக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை எப்போதும் வெளியே நிற்கிறவன்தான் கொடுக்கிறான். 2025-ல் திருப்பரங்குன்றம் மலை வழக்குகளில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் ஜூனில் பிரிந்து, மூன்றாமவர் தீர்ப்பு அக்டோபரில் வந்தபோதும் நான் நாளைத்தான் எண்ணினேன். கெட்ட பழக்கம்.

தேர்தலில் இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே ஓட்டு விழுந்தால் சீட்டுக் குலுக்குகிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-லேயே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் எனக்கு இது கேவலமாகத் தெரிந்தது, இப்போது அப்படி இல்லை. சீட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்று. அங்கே ஏற்கெனவே நிற்கிறது என்று எதுவும் இல்லை, அதனால்தான் குலுக்க முடிகிறது. கோர்ட்டில் எப்போதும் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கும்: ஒரு டிக்ரி, ஓர் உத்தரவு, ஒரு சட்டம், ஒரு முள்வேலி.

அது எப்படி நிற்க வந்தது என்பதுதான் எனக்குக் கேள்வி. முன்சீப் கோர்ட்டில் நாலு வருஷம் சாட்சி விசாரித்து, இரண்டு பக்கமும் கேட்டு வந்த டிக்ரி நிற்கட்டும், எனக்கு மறுப்பில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருவன் இரவோடிரவாக வெட்டிப் போட்ட முள் எந்தக் கோர்ட்டின் தீர்ப்பு? பெரியவர்கள் இருப்பது இருக்கட்டும் என்றபோது, நாற்பது வருஷத் தடத்தை அல்லவா 'இருப்பது' என்று எடுத்திருக்க வேண்டும்? யாருக்கும் அது தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது முள்.

மாமாவுக்கு அப்போதே தோன்றியிருக்கிறது. பஞ்சாயத்து முடிந்த வாரமே ஊருக்கு வந்து அப்பாவிடம் மன்றாடினார். "மச்சான், 1882-லயே சட்டம் இருக்கு. இருபது வருசம் தடையில்லாம உரிமையா நடந்த பாதைன்னு காட்டிட்டாப் போதும். ஆனா ஒண்ணு, அடைச்சு ரெண்டு வருசத்துக்குள்ள பிராது போட்டுரணும்." அப்பா கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் வயலை விற்றுத்தான் வயலுக்குப் பாதை வாங்க வேண்டும் என்றார். அதிலும் பொய்யில்லை. இரண்டு வருஷம் போனது. மாமா அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் முள்வேலி வரைக்கும் நடந்து போய், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருவார்.

மூன்றாவதாக ஒரு பெரியவரை உட்கார வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பேச்சு வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரைச் சொன்னார்கள். அவர் எங்கள் வீட்டில் மோர் குடிக்கிறவர் என்றார் பங்காளி. பக்கத்து ஊர் மாட்டுத் தரகரைச் சொன்னார்கள். அவர் பங்காளிக்கு மாடு பிடித்துக் கொடுத்தவர் என்றார் அப்பா. பேச்சு அதோடு நின்றது.

2005-ல் பங்காளி அந்த வயலை மனை போடுகிறவர்களிடம் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் முள்ளை ஒரே நாளில் பொக்லைனால் வாரி எறிந்துவிட்டு, இருபதடி அகலத்துக்குச் சரளை அடித்து, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல் நட்டார்கள். இப்போது எங்கள் வயல் வரைக்கும் கார் போகும். மாமா வந்து பார்த்தார். "இவன்தான் மூணாவது ஜட்ஜா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

அம்மா மட்டும் இன்னும் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வயலுக்குப் போகிறார். கேட்டால், சரளை காலில் குத்துகிறதாம்.